பார்வை கதையின் மேல் இருக்கட்டும், பக்கத்து பெஞ்சின் மேல் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, பள்ளிக்கூடத்துச் சாதி பற்றி ஊரெல்லாம் பேசினோம். நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதில் எத்தனையோ இருக்க, பேச்சு முழுக்கச் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிற்றில் போய் நின்றது. கயிற்றை அவிழ்க்க ஒரு சுற்றறிக்கை போதும். அவிழ்த்த கையோடு எதிரே உட்கார்ந்திருக்கும் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் நிறம், பிறப்பு பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்வதில்லை. ஏப்ரல் 14க்குச் சமத்துவ உறுதிமொழியும் செப்டம்பர் 17க்குச் சமூகநீதி உறுதிமொழியும் எடுக்கிறோம். நீட்டிய கை இறங்கி அரை மணி ஆவதற்குள் திடலில் ‘டேய் கருவாயா’ என்று குரல் கேட்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் நடத்துகிறவர்கள் நாங்கள். இந்தப் பேச்சைத் தொடங்குவதற்கு ஒரு கதையையோ கவிதையையோவிட நல்ல வழி கிடையாது. கதையில் வருகிறவனைப் பற்றிப் பேசும்போது வகுப்பில் யாரும் யாரையும் சுட்ட வேண்டியதில்லை. ஆனால் அதே கதையைத் தப்பாக நடத்தினால் ஒரு பிள்ளை அன்றோடு பள்ளிக்கு வருவதையே வெறுத்துவிடும். அதனால் செய்முறையை விவரமாகவே எழுதுகிறோம். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முதல் வேலை கதைப் புத்தகத்தில் இல்லை, அலுவலகத்திலிருந்து வரும் பட்டியலில் இருக்கிறது. ‘ஸ்காலர்ஷிப் வரவேண்டியவங்க எழுந்து நில்லுங்க’ என்று வகுப்பில் சொல்லும் வழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. எழுந்து நின்றவர் யார், உட்கார்ந்திருந்தவர் யார் என்பது நாற்பது பிள்ளைகளுக்கும் ஆண்டு முழுக்க மறக்காது. காலையில் அப்படி நிற்க வைத்துவிட்டு மாலையில் சமத்துவக் கவிதை நடத்தினால் ஆசிரியரை யாரும் நம்ப மாட்டார்கள். விவரம் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவிலேயே இருக்கிறது. கையெழுத்து வேண்டுமென்றால் இடைவேளையில் ஒவ்வொருவராக அழைத்து வாங்கிக்கொள்ளலாம். உட்காரும் இடமும் அப்படித்தான். ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள், ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் சேர்ந்துகொள்வார்கள். பாடம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே வரிசை எண்படி இடம் மாற்றி வர வேண்டும். விவாதத்தன்று மாற்றினால் ‘ஏதோ நடக்கப் போகுது’ என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது, எங்கிருந்து தொடங்குவது. தொலைவிலிருந்து தொடங்குங்கள் என்கிறோம். இது பயந்தாங்கொள்ளித்தனமாகத் தெரியலாம். எங்கள் மாவட்டங்களின் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். ஓசூர்ப் பக்கம் ஒரே பெஞ்சில் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை, கன்னடம் பேசுகிற பிள்ளை, தொழிற்பேட்டை வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருளர் பிள்ளைகள், சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். அரூர் வட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று பழங்குடி மக்கள் மீது நடந்த வன்கொடுமைக்கு, குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்களில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2012 நவம்பரில் சாதி வன்முறையில், தலித் மக்கள் வாழ்கிற நத்தம் காலனி எரிந்தது. இவையெல்லாம் பிள்ளைகளின் வீட்டுத் திண்ணைகளில் இரண்டு பக்கத்திலிருந்தும் பேசப்படுகிற செய்திகள். முதல் நாளே அங்கே கை வைத்தால் கதை போய்விடும், கட்சி மட்டும் மிஞ்சும். வாச்சாத்தித் தீர்ப்பை மேல்நிலை வகுப்பில், செய்தியாகவும் சட்டமாகவும் வாசிக்கலாம். ஒன்பதாம் வகுப்புக்கு வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்பு என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எதிர்மறைக் கிண்டலையும் கதை எழுதியவரின் சொந்தக் கூற்றையும் பிரித்தறிவது கடினம். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்கு வராத ஒரு வரியை நடத்தத் தலைமையாசிரியரும் விடமாட்டார், பெற்றோரும் விடமாட்டார்கள். நூலகப் பாடவேளை, இலக்கிய மன்றம் இரண்டிலும் சேர்த்து 45 நிமிடப் பாடவேளைகள் நான்கு கிடைத்தால் போதும்.

எதை வாசிப்பது? பத்து நிமிடத்தில் மௌனமாக வாசித்து முடிக்கிற அளவில் இருக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் அரை வகுப்பு வாசிக்காமலே பேசும். ஆளுக்கொரு பிரதி கட்டாயம். இரண்டு பக்கமும் நகலெடுத்தால் 45 பிள்ளைகளுக்கு 45 தாள்தான். மூவருக்கு ஒரு பிரதி என்றால் ஒருவன் சத்தமாக வாசிப்பான். சத்தமாக வாசிக்கக் கூடாத இடம் அங்கேதான் வரும். இதைவிட முக்கியமானது, அடிபட்டவரே வாய் திறந்து பேசுகிற எழுத்தாக இருப்பது. நிறவெறி என்றதும் எல்லோரும் கையிலெடுப்பது அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீயின் 1960ஆம் ஆண்டு நாவலான ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’டை. நல்ல நாவல்தான். ஆனால் அதில் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் பேசுகிற இடம் பெரும்பாலும் நீதிமன்றக் கூண்டு மட்டுமே. கதை அவருக்காக வாதாடும் வெள்ளைக்கார வக்கீலைச் சுற்றியே நகர்கிறது. அதை மட்டும் வாசித்த வகுப்பு ‘நல்லவங்க காப்பாத்துவாங்க’ என்று முடித்துக்கொள்ளும். நம் பழைய கதைகளிலும் இரக்கமுள்ள பண்ணையார்கள் நிறைய உண்டு.

நாங்கள் பரிந்துரைப்பது, முதல் பாடவேளைக்கு அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதிய ‘ஐ, டூ’ என்ற கவிதை. 1926இல் அவருடைய முதல் தொகுப்பில் வந்தது. பதினெட்டே வரி, எளிய ஆங்கிலம். விருந்தாளி வந்தால் என்னைச் சமையலறையில் போய்ச் சாப்பிடச் சொல்கிறார்கள் என்று ஒருவர் சொல்கிறார். சிரிக்கிறார், வயிறாரச் சாப்பிடுகிறார், வலுவாகிறார், நாளை மேசையில் அமர்வேன் என்கிறார். பதவுரை சொல்லிவிட்டு மூன்றே கேள்வி கேளுங்கள். ‘வேலைக்காரன்’ என்று சொல்லிக்கொள்ளாமல் ‘சகோதரன்’ என்று ஏன் சொல்லிக்கொள்கிறார்? ‘அவர்கள்’ என்பது யார், ஏன் பெயர் சொல்லவில்லை? அழாமல் ஏன் சிரிக்கிறார்? தனித் தட்டையும் தனிக் குவளையையும் கேள்விப்பட்ட பிள்ளைகளுக்கு இந்தச் சமையலறையை விளக்க வேண்டியதே இல்லை. ‘நம்ம ஊர்ல கூட’ என்று யாராவது தொடங்கினால் தடுக்க வேண்டாம், நீட்டவும் வேண்டாம். ‘அதுக்கு அடுத்த வாரம் வருவோம்’ என்று சொல்லிக் கரும்பலகை ஓரத்தில் குறித்துவையுங்கள். சொன்னபடி வந்தும் சேர வேண்டும்.

தமிழ்ப் பாடவேளையில்தான் நடத்த முடியும் என்றால் ஃபிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிய பாரதியின் பாட்டு இருக்கிறது. 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கப்பலேற்றப்பட்டார்கள். நம்மவர்கள் நிறவெறிக்கு ஆளான வரலாறு என்பதால் வகுப்பு உடனே உள்ளே வந்துவிடும். ஆனால் பெண்கள் மீதான பாலியல் கொடுமையைக் குறிக்கும் ஒரு வரி அதில் உண்டு. அந்த வரியை எப்படி விளக்குவது என்று முந்தைய நாளே முடிவு செய்துகொள்ளாத ஆசிரியர் அங்கே தடுமாறுவார், பின்பெஞ்சில் சிரிப்பு எழும். பாரதி காற்றிடம்தான் கேட்கிறார், அந்தப் பெண்கள் நேராகப் பேசவில்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விட வேண்டும்.

இரண்டாம் பாடவேளை, தொலைவுக்கும் பக்கத்துக்கும் நடுவில் ஒரு பாலம். அதற்கு அம்பேத்கர் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளின் முதல் பகுதியைவிடப் பொருத்தமான எழுத்து எங்களுக்குத் தெரியவில்லை. 1930களில் எழுதியவை, அவர் மறைந்த பிறகு 1990இல் நூலாயின. 1901இல் சிறுவன் பீமனும் உடன் வந்த பிள்ளைகளும் அப்பாவைப் பார்க்க ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். நல்ல உடுப்பு, கையில் காசு, தூக்கில் சாப்பாடு. யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் நிலைய அதிகாரியின் முகம் மாறுகிறது. மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியோட்ட, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவதாக ஏற்பாடாகிறது. வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. ‘சாப்பாடு இருந்தும் ஏன் பட்டினி கிடந்தார்கள்?’ இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே நாற்பது நிமிடம் நடத்தலாம். காசு எதை வாங்கித் தந்தது, எதை வாங்கித் தரவில்லை என்று பிள்ளைகளே இரண்டு பத்தி பிரித்துப் பட்டியல் போடட்டும். ‘வசதி வந்துட்டா எல்லாம் சரியாயிடும் சார்’ என்று வழக்கமாகச் சொல்கிறவர்கள் அந்தப் பட்டியலைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

அமெரிக்க நிறவெறியும் நம் சாதியும் ஒன்றா என்று கேட்பார்கள். ஒன்றல்ல, ஆனால் இரண்டு பக்கத்தாரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள் என்பது வரலாறு. அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூ போய்ஸுக்குக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. 1959இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தபோது கேரளத்துப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர் அவரை ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர்’ என்று பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினாராம். முதலில் சுருக்கென்று பட்டதையும், யோசித்துப் பார்த்தபோது உண்மைதான் என்று தோன்றியதையும் 1965இல் ஓர் உரையில் கிங்கே சொன்னார். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

தோல் நிறத்துக்கு அறிவியல் ஆசிரியரை ஐந்து நிமிடம் அழைத்துக்கொள்ளலாம். நிறமிச் செல்களின் எண்ணிக்கை எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றே, அவை உண்டாக்கும் மெலனினின் அளவும் வகையும்தான் வேறு. முகத்துக்குச் சிவப்பழகுக் கிரீம் பூசுகிற வயதில் இது நல்ல மருந்து.

இப்போது சொற்கள். மிகவும் சிக்கல் தருகிற இடம் இதுதான் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறோம். மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஒரு சொல் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. 2011இல் அமெரிக்கப் பதிப்பு ஒன்று அதை நீக்கிவிட்டு ‘அடிமை’ என்று போட்டது, பெரிய சர்ச்சையானது. எங்கள் வழி இரண்டுக்கும் நடுவில். அச்சில் இருப்பதை மாற்ற வேண்டாம், வாயால் உச்சரிக்கவும் வேண்டாம். அந்த இடம் வந்தால் ஆசிரியரும் மாணவரும் ‘அந்தச் சொல்’ என்று சொல்லிக் கடந்து போகட்டும். தமிழ்க் கதைகளில் வசவாக வரும் சாதிப் பெயர்களுக்கும் இதே விதிதான். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிறர் பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவின்படி குற்றம். கதையை வாசிப்பது திட்டுவது ஆகாதே என்று வாதாடலாம். ஆனால் ஆசிரியர் வாயிலிருந்து ஒரு தடவை வந்த சொல் மதிய இடைவேளைக்குள் திடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், ‘சாரே சொன்னாரு’ என்ற சான்றிதழோடு.

மூன்றாம் பாடவேளை முழுவதையும் சொற்களுக்கே கொடுங்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்புகளில் ‘நீக்ரோ’, ‘காப்பிரி’ என்று சாதாரணமாக எழுதினார்கள். இன்று ‘கறுப்பினத்தவர்’ என்கிறோம். ஆங்கில அகராதியில் ‘ஒதுக்கப்பட்டவர்’ என்ற பொருளில் இருக்கும் ‘பரையா’ என்ற சொல் தமிழ்ச் சாதிப் பெயர் ஒன்றிலிருந்து போனது. ஆங்கில நாளிதழ் தலைப்பில் அது வரும்போது பலர் யோசிப்பதே இல்லை. ‘காலனி’ குடியிருப்பைக் குறிக்க வந்த சொல், வசவாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அதை நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். ஒரு சொல் எப்போது கெடுகிறது, கெடுத்தது யார் என்று பேசினால் பிள்ளைகள் நன்றாகவே பேசுவார்கள். அதன் பிறகு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. இந்த வாரம் பஸ்ஸில், திடலில், சினிமாவில் காதில் விழுந்த, ஒருவரைத் தாழ்த்துகிற ஒரு சொல்லைப் பெயர் போடாமல் எழுதி மடித்துக் கொடுக்கட்டும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் சீட்டுகளைப் பிள்ளைகளிடம் திரும்பக் கொடுக்கக் கூடாது. ஆசிரியர் மட்டும் பார்த்து, சொல்லை எழுதாமல் வகையை மட்டும் கரும்பலகையில் எண்ணிப் போடட்டும். நிறம், மொழி, உடல், அப்பா அம்மாவின் தொழில், சாதி, ஊர். எந்த வகை கூடுதல், ஏன்? நம் பக்கம் ‘வடக்கன்’ போன்றவை மொழி வகையில் நிறைய வரும். அமெரிக்காவில் தொடங்கிய பேச்சு இந்த இடத்தில் வகுப்பறைக்குள் வந்துவிடும், யார் பெயரும் சொல்லாமலே. சீட்டுகளை அன்றே கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

நான்காம் பாடவேளை எழுதுவதற்கு. ‘நீ அந்தக் கவிதையில் பேசுகிறவராக இருந்தால்’ என்று எழுதச் சொல்லாதீர்கள், நடிக்கவும் வைக்காதீர்கள். அவமானத்தை நடித்துப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. பாத்திரம் கிடைத்த பிள்ளைக்கு அந்தப் பாத்திரமே பட்டப்பெயராகும் என்பதுதான் நடக்கும். ‘இந்த வரியில் எழுதியவர் என்ன செய்கிறார்?’ என்று கேளுங்கள். பத்து மதிப்பெண்ணில் ஐந்து, எழுத்திலிருந்து வரியைச் சான்று காட்டியதற்கு. மூன்று, அதை விளக்கியதற்கு. இரண்டு, தன்னோடு ஒத்துப்போகாத ஒரு வாசிப்பை நியாயமாக எடுத்துச் சொன்னதற்கு. கருத்துக்கு மதிப்பெண் கொடுத்தால் ஆசிரியருக்குப் பிடித்ததை எழுதிவிட்டுப் போவார்கள். இரக்கத்துக்கும் கொடுக்க வேண்டாம். ‘பாவம் சார்’ என்பது பல தாள்களில் முதல் வரியாகவே வரும். சிவப்புப் பேனாவால் அடிக்காமல், ‘கவிதையில் பாவம் என்று யார் சொல்கிறார்?’ என்று ஓரத்தில் எழுதுங்கள்.

இடையில் தவறிப்போவது எப்படியென்றும் சொல்ல வேண்டும். கதையில் ஒரு சாதியோ இனமோ வந்ததும் முப்பது தலைகள் ஒரு பக்கம் திரும்பும். ஆசிரியரின் கண்ணும் அங்கே போய்விட்டால் கதை முடிந்தது. அந்த வினாடியில் தாளைப் பார்த்தபடி ‘மூணாவது வரிக்கு வாங்க’ என்று எல்லோரையும் தாளுக்கே இழுக்க வேண்டும். ‘உங்க வீட்ல இப்படியா?’ என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்கக் கூடாது. தானாக ஒரு பிள்ளை வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினால், ஒரு வாக்கியம் கேட்டு நன்றி சொல்லி, மீதியைப் பிறகு தனியாகக் கேட்பதாகச் சொல்லலாம். வகுப்பில் கொட்டியதை இடைவேளையில் மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று அந்தப் பிள்ளை அப்போது யோசித்திருக்காது. சிரிப்பு எழுந்தால் உடனே திட்ட வேண்டாம். பதினான்கு வயதில் பாதிச் சிரிப்பு சங்கடத்தால் வருவது. பேச்சை நிறுத்தி இரண்டு நிமிடம் எழுதச் சொன்னால் அடங்கிவிடும். வேண்டுமென்றே காயப்படுத்தினால் அது வேறு. அங்கேயே ‘இந்த வகுப்பில் இது கிடையாது’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, மணி அடித்த பிறகு தனியாக அழைத்துப் பேச வேண்டும். விசாரணையை வகுப்பில் நடத்தினால் அடிபட்ட பிள்ளைதான் மறுபடி நடுவில் நிற்கும்.

இட ஒதுக்கீடு பற்றிய கேள்வி வந்தே தீரும். தயாராக இல்லாதவர்கள் அங்கேதான் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டில் மொத்தம் 69 விழுக்காடு. பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18 (அருந்ததியரின் 3 இதற்குள்), பழங்குடியினர் 1. இதைக் கரும்பலகையில் எழுதினாலே, தங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று என்று நினைத்துக் கேட்டவர்களில் பலர் தாங்களும் ஏதோ ஒரு வரிக்குள் இருப்பதைக் கண்டுகொள்வார்கள். யார் எந்த வரி என்று கேட்காமல் அழித்துவிட்டுக் கதைக்குத் திரும்புங்கள்.

இன்னொரு பழக்கம், நல்ல எண்ணத்தோடு செய்கிற கெடுதல். பேச்சு சூடாகும்போது ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்றோ ‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்’ என்றோ சொல்லி முடித்துவிடுவது. அதியமானும் ஔவையும் வாழ்ந்த தகடூர் மண்ணில் சங்கப்பாட்டுக்கு என்ன குறை? ஆனால் கொதிக்கிற பாத்திரத்தை மூடி போட்டு மூடுவதற்கு அந்த வரிகளைப் பயன்படுத்தக் கூடாது. வேண்டுமானால் அவற்றைத் தொடக்கத்தில் வையுங்கள். இரண்டாயிரம் ஆண்டாகச் சொல்லி வருகிறோமே, பிறகு ஏன் அந்த வண்டிக்காரர் இறங்கி நடந்தார் என்று கேளுங்கள்.

பெற்றோர் எதிர்ப்பு வருமோ என்று தலைமையாசிரியர்கள் அஞ்சுவது நியாயம். எழுத்துகளை ஒரு மாதம் முன்பே அவரிடம் கொடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு பக்கக் குறிப்பாக வாசித்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. என்ன வாசிக்கிறோம், எந்தப் பாடத்திறனுக்காக, என்ன கேட்கப் போவதில்லை என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் பெற்றோர் முதலில் கேட்பார்கள். வகுப்புக்குப் பிறகு ஒரு பிள்ளை முகம் வாடி உட்கார்ந்திருந்தால் அன்று மாலைக்குள் யாராவது பேசியாக வேண்டும். பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் வகுப்புச் சுவரில் இருக்கட்டும்.

இரு மாவட்டக் கல்வி அலுவலர்களிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஒன்றை இதற்கென ஒதுக்கி, ஆசிரியர்கள் இந்த எழுத்துகளை முதலில் தங்களுக்குள் வாசித்து, தடுமாறும் இடங்களில் அங்கேயே தடுமாறிக்கொள்ள வழி செய்ய வேண்டும். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் இப்படி இரண்டு பக்க அளவில், நகலெடுக்கத் தோதாக, கதைகளும் கவிதைகளும் மாதம் ஒன்று வந்தால் நூலகமில்லாத பள்ளிகளுக்கு உதவும். உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் வாசிக்கும் வழக்கத்தை நிறுத்த மட்டும் கூட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். நாளைக் காலை வருகைப் பதிவு எடுக்கும்போதே நிறுத்தலாம்.

இப்படிக்கு,
தமிழ், ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்.